வேலிக்காரியும் முதல் விருந்தும்

சடங்கு முடிகிற கையோடு பிள்ளையின் ஹொக்கியையும் முடித்துவிடப் போவதாக மச்சாள் தொலைபேசியில் சொன்ன நேரம், நான் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. ரொறொன்ரோவில், ஸ்காபுரோப் பக்கம் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகள் அந்த மாரிக் குளிர்காலத்தில்தான் பெரிய பிள்ளையாகியிருந்தாள்.

"மண்டபம் எடுத்தாச்சு மச்சாள். ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமையே வந்திடுங்கோ. தாய்மாமன்தான் முதல் பாலறுகு வைக்கோணும்" என்றவள், மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னாள். "இன்னொண்டு. சடங்கோட அந்த ஐஸ் விளையாட்டையும் நிப்பாட்டப் போறன். இனி உருண்டு பிரண்டு திரிய ஏலாது. பல்லுக் கில்லுப் போனால் நாளைக்கு ஆர் பாக்கிறது?"

"பிள்ளையிட்டக் கேட்டனியே?"

"அவளிட்ட என்ன கேக்கிறது? அவளும் உங்களை மாதிரித்தானே, விசர்."

எண்ணெய் கருகுகிற மணம் வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: இந்தப் பிள்ளையின் விளையாட்டு நிற்கக் கூடாது. எப்படி என்று அப்போது தெரியாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் மச்சாள் அம்மியைவிடக் கொஞ்சம் பாரம். அவ்வளவுதான்.

எனக்கு இந்த விசர் பிடித்த கதையையும் சொல்லவேண்டும். மொன்றியலில் சென் மிஷேல் பகுதியில் ஒரு கார்தெரியில், அதாவது பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், நான் சமையல் செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஹொக்கி அணி எங்கள் குஞ்சுகளைத் தங்கள் பனித்தளத்துக்கு அழைத்திருந்தது. சிற்றுண்டிப் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனார்கள். வெளியே குளிர், உள்ளே சூடாய் இருக்கும் என்று நம்பி மேலங்கியைக் கழற்றினேன். உள்ளேயும் குளிர். அங்கே கவசமெல்லாம் போட்ட ஒரு நெடிய பெண் முழங்காலில் நின்று, அழுதுகொண்டிருந்த ஒரு பொடிச்சியின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள். கட்டி முடித்து, இழுத்துப் பார்த்து, திருப்தியில்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு எழுந்துபோய் ஆடினாள். எதிரணி எந்தப் பக்கத்தால் வந்தாலும் அவள் அங்கே நின்றாள். யாழ்ப்பாணத்தில் வேலி போட்டவர்களுக்குத்தான் அந்த நிலையின் அருமை விளங்கும். அன்றைக்கே அவளுக்கு 'வேலிக்காரி' என்று பெயர் வைத்துவிட்டேன். உண்மைப் பெயர் முதுகில் எழுதியிருந்தது. ஆனால் ஊரில் யாரை நாங்கள் உண்மைப் பெயரால் கூப்பிட்டோம்?

அடுத்த ஆட்டத்துக்கு நானாகவே போனேன். என்னோடு கார்தெரியில் வேலைசெய்யும் ஹெயிற்றிக்காரச் சிநேகிதியும் வந்தாள். அவளுக்கு ஹொக்கியும் தெரியாது, குளிரும் பிடிக்காது. கத்துவது பிடிக்கும். "லாஷ் பா!" என்று அவள் எழுந்து நின்று கத்தினால் கூரை அதிரும். 'விட்டுவிடாதே' என்பதற்கு இந்த ஊர்ச் சொல் அது. பிரெஞ்சில் நான் படித்த எத்தனையோ சொல்லில் மனசோடு ஒட்டியது இது ஒன்றுதான். சிறுகச் சிறுகத்தான் குருவி கூடு கட்டும் என்று அவளுடைய ஊரில் சொல்வார்களாம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். பனியில் யாராவது விழும்போதெல்லாம் "உன்ர ஆனை! உன்ர ஆனை!" என்று என் தொடையில் அடிப்பாள்.

இந்தப் பல்கலைக்கழகப் பெண்களின் லீக் மிகச் சிறியது. கைவிரலுக்குள் அடங்குகிற அணிகள். மாரி முழுக்க அதே ஆட்களோடு திரும்பத் திரும்ப மோதவேண்டும். அதனால் பகைகூட அயலட்டைப் பகை மாதிரி, முகம் தெரிந்த பகை. நகரின் நடுவில் நிற்கிற மலைக்கு அந்தப் பக்கத்து அணியின் கோல்காப்பாளர் ஒவ்வொரு முறையும் கம்பத்தை மட்டையால் தட்டிவிட்டுத்தான் குனிவாள். அவள் 'கதவுதட்டி'. விழாத இடத்தில் விழுந்து நடுவரைப் பார்க்கிற ஒருத்தி 'நோயாளி'. அவர்கள் பேருந்தில் வந்து இறங்கும்போது, ஒன்றுவிட்ட சொந்தக்காரர் வருவதுபோல் இருக்கும். வரவேற்கவும் வேண்டும், வெல்லவும் வேண்டும்.

என் கணவர் இந்த நகரத்தின் பெரிய ஆண்கள் அணிக்கு ஆள். லவாலில் பண்டகசாலை வேலை முடிந்து வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தால் அசைக்க முடியாது.

"இஞ்சரப்பா, அரைவாசிக் கதிரை வெறுமையாக் கிடக்கிற ஹொக்கியும் ஒரு ஹொக்கியே?" என்பார்.

"உங்கட ஆக்கள் தோத்தால் வீட்ட போய் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில படுப்பினம். எங்கட பிள்ளையள் தோத்தால் அடுத்தநாள் விடியச் சோதினை எழுதோணும். இப்ப சொல்லுங்கோ, ஆர் ஆட்டக்காரர்?"

அவர் ஒலியைக் கூட்டிவிடுவார். அதுதான் அவருடைய பதில்.

ஆனால் ஸ்காபுரோவில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். மச்சாளின் மகள். ஒவ்வொரு ஆட்டமும் முடிய அவளுக்கு எடுத்துக் கதை சொல்வேன். வேலிக்காரி என்ன செய்தாள், கதவுதட்டி எத்தனை கோலைத் தடுத்தாள், நோயாளி எங்கே விழுந்தாள். கேட்டுக் கேட்டு அவளும் அங்கே ஒரு பிள்ளைகள் அணியில் சேர்ந்தாள். மச்சாள் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. சனிக்கிழமை விடிய வேலை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் மகளைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் இறக்குவாள். பிறகு வாகனத் தரிப்பிடத்தில் இருக்கையைச் சாய்த்து நித்திரை. முடிந்ததும் மகள் கண்ணாடியில் தட்டி எழுப்புவாள். இப்படியே வருடங்கள் போயிருந்தன. தன் பிள்ளை ஆடுவதை மச்சாள் ஒருநாளும் கண்டதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நித்திரையும் ஒரு பசிதான்.

சடங்கு நடக்கிற வாரத்திலேயே எங்கள் லீக்கின் அரையிறுதியும் வந்தது. மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றவர் மேலே போவார். எதிரணி, வேறு யார், மலைக்கு அந்தப் பக்கத்தார். வேலிக்காரிக்கு இது கடைசி வருடம். தோற்றால் அன்றோடு சரி. புதன்கிழமை எங்கள் தளத்தில் முதல் ஆட்டம், வென்றோம். சனிக்கிழமை அவர்களுடைய தளத்தில் இரண்டாவது. அதிலும் வென்றால் மூன்றாவது தேவையில்லை, தோற்றால் ஞாயிறு பின்னேரம் மறுபடி எங்கள் தளத்தில்.

என் அணி இரண்டாவதிலேயே வெல்லவேண்டும் என்றுதான் நியாயமாய் நான் கும்பிட்டிருக்கவேண்டும். நான் அப்படிக் கும்பிடவில்லை. வியாழக்கிழமை ஆட்டிறைச்சி வாங்கிக் கறி வைத்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை, அதனால்தான் வியாழன். ஆறவைத்து, பெட்டியில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன்.

"ரொறொன்ரோவில மூண்டு நாள் விருந்து. வந்து உதை ஆர் தின்னுறது?" என்றார் கணவர்.

"விருந்தாளி வருவினம்."

"ஆர்?"

"வந்தாப் பாருங்கோவன்."

மண்டபத்தில் எல்லாம் முறையாய் நடந்தது. என் கணவர் பாலில் தோய்த்த அறுகைப் பிள்ளையின் தலையில் வைத்தார், கண் கலங்கினார், ஒளிப்பதிவுக்காரத் தம்பி கேட்டதற்காக மறுபடி வைத்து மறுபடி கலங்கினார். பிறகு ஆலாத்தி. இரண்டிரண்டு பெண்களாக மேடையேறி, தட்டைப் பிடித்து, பிள்ளைக்கு முன்னால் மூன்று முறை சுற்றவேண்டும். தாய்மாமன் மனைவி என்பதால் முதல் தட்டு எனக்கு. மற்றப் பக்கத்தைப் பிடித்தது மச்சாளின் மாமியார். என் கொண்டைப் பூவின் மறைவில் ஒரு சின்ன இயர்ஃபோன் குமிழ் காதில் சொருகியிருந்தது அந்த மனிசிக்குத் தெரியாது. மொன்றியலில் இரண்டாவது ஆட்டம் தொடங்கிவிட்டது. தொலைபேசி என் இடுப்புச் செருகலில். பிரெஞ்சில் ஒருவர் என் காதுக்குள் மூச்சுவாங்க விவரித்துக்கொண்டிருந்தார்.

முதல் சுற்று நன்றாய்ப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதின் பாதியில் அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள். என் கை அப்படியே நின்றுவிட்டது. மாமியார் தன் பக்கத்தை இழுக்க, நான் என் பக்கத்தைப் பிடிக்க, வாழைப்பழத் துண்டில் செருகிய திரி ஒன்று சாய்ந்தது.

"அன்ரி, சிரியுங்கோ! அன்ரி, இஞ்ச பாத்துச் சிரியுங்கோ!" என்று கத்தினான் ஒளிப்பதிவுக்காரத் தம்பி.

"என்ன பிள்ளை, தலை சுத்துதோ?" என்றார் மாமியார்.

நகையும் பூவும் சுமந்து தலை அசைக்க முடியாமல் இருந்த மருமகள், உதட்டை அசைக்காமல் கேட்டாள்: "மாமி, அடிச்சது ஆர்? எங்கட ஆக்களோ, அவையோ?"

"அவை."

"சே."

அந்த 'சே' ஒளிப்பதிவில் இருக்கிறது. நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்கிறது. வாழ்த்து முடிந்து, எல்லாரும் சாப்பிட இறங்கிய நேரம் இரண்டாவது ஆட்டம் தோல்வியில் முடிந்திருந்தது. மருமகள் மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் தலையை இல்லையென்று ஆட்டினேன். அவளுடைய கண் நிரம்பியது. ஒப்பனைக்காரி ஓடிவந்து ஒற்றினாள். ஊர்ச்சனம், தாய் படுகிற பாட்டை நினைத்து அழுகிறாள் என்றது.

எனக்கு அழ நேரமில்லை. மச்சாள் களைத்துப்போய்க் கதிரையில் இருந்த இடத்துக்குப் போனேன்.

"முதல் விருந்து ஆற்ற வீட்டில?" என்று கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சடங்கு முடிந்த பிள்ளைக்கு முதல் விருந்து தாய்மாமன் வீட்டில்தான். அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகள் கூப்பிடலாம்.

"உங்கட வீட்டிலதான். அதுக்கென்ன, பேந்து கோடையில ஆறுதலா வாறம்."

"கோடை வரைக்கும் மற்ற ஆக்கள் காத்திருப்பினமே? உன்ர மாமியார் அடுத்த கிழமை கூப்பிடப் போறாவாம். மாமன் வீட்டை முந்திக்கொண்டு அங்க போனால் உன்ர அண்ணையின்ர முகம் என்னாகும்?"

கணவர் பக்கத்தில் நின்று, தன் முகம் என்னாகும் என்று தெரியாமல் விழித்தார். நான் காலை மெல்ல மிதித்தேன். "ஓம், ஓம். சரியில்லைத்தான்" என்றார்.

"நாளைக்கு வா. திங்கள் பள்ளிக்கூடம் இல்லையெண்டு பிள்ளை சொன்னவள். உனக்கும் லீவு. சமைச்சு வைச்சிட்டுத்தான் வந்தனான்."

"சமைச்சு வைச்சிட்டோ?" மச்சாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் வழக்கம் வழக்கம்தான். மறுக்க அவளால் முடியவில்லை.

ஞாயிறு விடிய வெளிக்கிட்டோம். கிங்ஸ்ரன் தாண்டியதும் பனி கொட்டத் தொடங்கியது. கணவர் வேகத்தைக் குறைத்தார், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், மருமகள் பின்னாலிருந்து என் தோளைச் சுரண்டினாள். வீட்டுக்கு வந்து, வாழையிலை போட்டு, கறியைச் சூடாக்கினேன். பிள்ளைக்கு முதல் பிடி சோற்றை அவள் மாமன் ஊட்டிவிட்டார். முறை முடிந்தது. மிச்சச் சோற்றையும் கறியையும் நான் பெட்டிகளில் அடைக்கத் தொடங்கினேன்.

"மச்சாள், உதென்ன? இலையில இருத்திப்போட்டுச் சோத்தைக் கட்டுறியள்?"

"மிச்ச விருந்து வேற இடத்தில. கம்பளியைப் போடு, குளிரும்."

வாகனம் ஓட்டின களைப்பில் கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால் தங்கிவிட்டார். நாங்கள் மூவரும் மெட்ரோவில் ஏறின பிறகுதான் மச்சாளுக்கு விளங்கியது. மகளின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "விருந்தெண்டு சொல்லி ஐஸுக்கே கூட்டிக்கொண்டு போறியள்? நான் ஒண்டு சொல்லுறன், மச்சாள். நான் நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுறதுதான். உங்கட ஆட்டத்தைப் பாத்து மாறமாட்டன்."

"மாறவேண்டாம். பாத்துப்போட்டு நிப்பாட்டு. பாக்காமல் நிப்பாட்டாத."

அவள் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். மகள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிநேகிதி எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். முதல் பகுதி முழுக்க மச்சாள் தொலைபேசியில் சடங்குப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒரு கோல் போட்டோம். மருமகள் மருதாணிக் கையால் கண்ணாடித் தடுப்பை அறைந்தாள். மச்சாள் நிமிர்ந்து பார்த்து, "கை! மருதாணி!" என்றுவிட்டு மறுபடி குனிந்தாள். இடைவேளையில் இறைச்சியும் சோறும் சாப்பிட்டோம். சிநேகிதி உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாவது தரம் கேட்டு வாங்கினாள்.

இரண்டாவது பகுதியில் அவர்கள் சமப்படுத்தினார்கள். அதற்குள் மச்சாளின் தொலைபேசி எப்படியோ கைப்பைக்குள் போயிருந்தது.

"எல்லாரும் முகத்தில கம்பிக்கூடு போட்டிருக்கினம்" என்றாள்.

"ஓம். பல்லுப் பத்திரம்."

"உந்தப் பெட்டை ஏன் தனியக் கூண்டுக்குள்ள இருக்கிறாள்?"

"தண்டனை. காலைத் தட்டி விழுத்தினவள். இதில வேணுமெண்டு ஆளை உடம்பால இடிச்சாலும் தண்டனைதான்."

"எங்கட ஆளே?"

"அவையின்ர."

"அப்ப நல்லா இருக்கட்டும்."

மருமகளும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பெரும் பாடுபட்டோம். அவள் 'எங்கட' என்று சொன்னதை அவளே கவனிக்கவில்லை.

மூன்றாவது பகுதியின் கடைசியில் தண்டனை எங்கள் பக்கம் வந்தது. ஓர் ஆள் குறைவு. அவர்கள் ஐந்து பேரும் எங்கள் கோலைச் சுற்றி வளைத்தார்கள். வேலிக்காரியின் மட்டை முறிந்தது. முறிந்த மட்டையோடு ஆடக் கூடாது, கீழே போட்டுவிடவேண்டும். போட்டாள். வெறும் கையோடு நின்றாள். அவர்கள் அடித்த கறுப்பு வட்டு அவளுடைய முழங்காலுக்குக் கீழே பட்டது. விழுந்தாள். எழுந்தாள். மறுபடி அடித்தார்கள், மறுபடி குறுக்கே விழுந்தாள். இந்த முறை ஒரு கையை ஊன்றி, தலை குனிந்தபடி, எழ முடியாமல் கிடந்தாள்.

"லாஷ் பா!" என்று சிநேகிதி கத்தினாள்.

எனக்கு மறுபக்கத்திலிருந்து, அதைவிடப் பெரிய குரல் ஒன்று எழும்பியது. "எழும்படி பிள்ளை! எழும்பு! அங்கால வாறாள் பார், எழும்பு!"

மச்சாள் இருக்கையில் இல்லை. கம்பளி காலடியில் கிடந்தது. இரவு இரவாக முதியவர்களைத் தூக்கி நிறுத்துகிற பெண் அவள். அந்தக் குரலுக்கு யாரும் கிடந்திருக்க முடியாது. வேலிக்காரி எழுந்தாள். மூன்றாவது அடியையும் மறித்தாள். தண்டனை நேரம் முடிந்தது.

மேலதிக நேரம். முதல் கோல் போடுகிறவர் வென்றவர். நாங்கள் நால்வரும் நின்றுகொண்டே பார்த்தோம். கதவுதட்டி அன்றைக்குத் தன் கதவை யாருக்கும் திறக்கவில்லை. கடைசியில் நோயாளி என்று நான் கேலி செய்த அந்தப் பெண்தான், விழாமல், அழகாய்ச் சுழன்று எங்கள் வலைக்குள் போட்டாள். அவ்வளவுதான். எங்கள் மாரி முடிந்தது.

இரண்டு அணியும் வரிசையாய் நின்று கைகொடுத்தார்கள். கதவுதட்டி வேலிக்காரியிடம் வந்ததும் கைகொடுக்காமல் கட்டிப்பிடித்தாள். எல்லாரும் போன பிறகும் வேலிக்காரி தன் கோலுக்கு முன்னால், வழமையாய் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். சிநேகிதி என் கையைப் பிடித்தாள். சொல்வதற்கு அவளுடைய ஊரிலும் அன்றைக்கு ஒரு பழமொழி இருக்கவில்லை.

மச்சாள் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பயந்து பயந்து அருகில் போனாள். தோற்ற ஆட்டத்தைக் காட்டி யாரை மனம் மாற்றுவது என்று எனக்கே கலக்கமாய் இருந்தது.

"அவள் நிக்கிற இடத்துக்கு என்ன பேர்?" என்று மச்சாள் கேட்டாள்.

"டிஃபென்ஸ், அம்மா."

"நீ எந்த இடத்தில நிக்கிறனீ?"

இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கேட்கப்பட்ட கேள்வி. மருமகள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அதிலதான். அதே பக்கம்."

"உனக்குப் பின்னால ஆர்?"

"கோலி மட்டும்."

"கோலியும் விட்டால்?"

"விட்டால் கோல்தான்."

மச்சாள் மறுபடி கோல்பக்கம் திரும்பினாள். பனித்தளத்தைச் சீர்செய்கிற வண்டி வெளியே வந்தது. வேலிக்காரி வழிவிட்டு, மெதுவாய்ச் சறுக்கி உள்ளே போனாள்.

"வாற சனிக்கிழமை நீ போகாட்டி அந்த இடத்தில ஆரை விடுவினம்?"

"ஒருத்தரும் இல்லை, அம்மா. எங்களிட்ட ஆள் குறைவு."

"அப்ப எப்பிடி?" என்றாள் மச்சாள், மகளிடம் கோபிப்பதுபோல. "இடத்தை வெறுமையா விட்டிட்டு வீட்ட இருக்க ஏலுமே?"

மகளின் மேலங்கியை இழுத்துப் பூட்டினாள். பூட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "மச்சாள், அங்க பிள்ளை ஆடுற இடத்துக்குள்ளயும் இப்பிடித்தான் குளிருமோ? எனக்கும் ஒரு நல்ல கம்பளி வாங்கோணும்" என்றாள்.